அட்டை மட்டும்

பழம்பொருள் சேகரிப்பவனைப் பற்றி நம்மிடையே உள்ள அபிப்பிராயம் அவ்வளவு நல்லதல்ல. காசு மிஞ்சியவன், அல்லது பொழுது மிஞ்சியவன் என்பது நினைப்பு. வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கும் எனக்கு இரண்டும் மிஞ்சுவதில்லை. இருந்தும் சில வருஷங்களாக ஒரு குறிப்பிட்ட பொருளின்மேல் ஆசை வைத்திருக்கிறேன். தோல் அட்டை போட்ட பழைய புகைப்பட ஆல்பங்கள். அதிலும் அட்டையில் பண்டைய எகிப்தின் உருவங்கள் பதித்தவை. என்னிடம் இருப்பவை நான்கு. சேகரம் என்று சொல்லிக்கொள்ள இது போதாது. ஆனால் ஒரு தவறு செய்யப் போதுமானதாக இருந்தது. அந்தத் தவறு ரசனையைச் சேர்ந்தது, ஆகவே விமர்சனத்தையும் சேர்ந்தது என்று நினைப்பதால் இங்கே எழுதுகிறேன்.

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கும் பித்தளைக் கூஜாக்களுக்கும் நடுவே அது கிடந்தது. பழுப்பும் சிவப்பும் கலந்த ஆட்டுத்தோல். நடுவில் ஆசனத்தில் அமர்ந்த ஓர் அரசன். எதிரில் தாமரை நீட்டும் பெண். மேலே சிறகு விரித்த கழுகு. இரு பக்கங்களிலும் சித்திர எழுத்துகள் பத்தியாக இறங்கின. ஓரம் முழுவதும் தோல் வாரால் பின்னித் தைத்திருந்தது. உள்ளே கறுப்புத் தாள்கள், தாள் நிறையப் படங்கள்.

விற்பவர் என் முகத்தைப் பார்த்தே விலையைப் பிரித்துவிட்டார். "படத்தோட எடுத்துக்கிறீங்களா சார், அட்ட மட்டும் போதுமா? படத்தோடன்னா ஆயிரத்தி இருநூறு. இல்லாட்டி எழுநூறு."

மாதக் கடைசி. "அட்டை மட்டும் போதும்" என்றேன். அவர் கட்டை விரல் நகத்தால் ஒவ்வொரு படத்தையும் நெம்பி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக்கொண்டே வந்தார். தாள் கிழியவில்லை. நான் பக்கத்தில் நின்று அவருடைய கைத்திறமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படங்களைப் பார்க்கவில்லை.

இந்த ஆல்பங்கள் யாருக்காகச் செய்யப்பட்டன என்பதைச் சொல்ல வேண்டும். 1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போன அறிஞர்கள் தொகுத்த பெரும் நூல்வரிசை 1809இலிருந்து வெளிவரத் தொடங்கியது. எகிப்தின் உருவங்கள் ஐரோப்பிய வீடுகளின் நாற்காலிக் கால்களிலும் கடிகாரங்களிலும் ஏறிக்கொண்டன. 1869இல் ஸூயஸ் கால்வாய் திறந்தது. அதே வருஷம் தாமஸ் குக் தன் முதல் உல்லாசப் பயணக் கோஷ்டியை நைல் நதிக்கு அழைத்துப் போனார். 1900இல் கோடாக் கம்பெனி ஒரு டாலர் விலையில் பிரௌனி காமிராவை விற்க ஆரம்பித்தது. படம் எடுப்பது சாதாரண மனிதனின் கைக்கும் வந்தது. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துத்தன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அதன்பின் உதட்டுச்சாயக் குப்பியிலிருந்து சினிமாக் கொட்டகை வாசல்வரை எகிப்து மயமாயிற்று. கால்வாய், காமிரா, கல்லறை மூன்றும் சந்தித்த இடத்தில்தான் இந்த ஆல்பம் இருக்கிறது.

கெய்ரோவின் முஸ்கி வீதியிலும் கான் எல்-கலீலி அங்காடியிலும் இவை விலைபோயின. போர்ட் ஸயீத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது வியாபாரிகள் படகுகளில் சூழ்ந்துகொள்வார்கள். மேல்தளத்திற்குக் கயிறு வீசி, கூடையில் சரக்கு ஏற்றி, அதே கூடையில் காசு இறக்குவார்கள். அந்தக் கூடைகளில் தோல் பணப்பைகளும் கைப்பைகளும் ஏறின. கூட்டம் அதிகமாக வந்தது யுத்த காலங்களில். முதல் யுத்தத்தில் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் பிரமிடுகளின் அடியிலேயே கூடாரம் போட்டார்கள். இரண்டாவது யுத்தத்தில் பிரிட்டன், நியூஸிலாந்து, தென் ஆப்பிரிக்கா, இந்தியா என எல்லா இடத்துச் சிப்பாய்களும் கெய்ரோ கடைத்தெருவில் நடந்தார்கள். இந்தியாவின் நான்காவது டிவிஷன் 1940 டிசம்பரில் ஸிடி பர்ரானியில் போரிட்டது. மதராஸ் ஸாப்பர்ஸ் பிரிவினரும் வடஆப்பிரிக்கப் போர்முனையில் இருந்தார்கள். வீட்டுக்கு அனுப்ப ஏதாவது வாங்க வேண்டும் என்பது எல்லாச் சிப்பாய்க்கும் பொதுவான கவலை. தோல் சாமான் இலேசானது, உடையாதது.

புதுச்சேரிக்கு இது வந்த வழியும் மர்மமல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மார்ஸேய்க்குப் படிக்கவோ உத்தியோகத்திற்கோ போனவர்களின் கப்பல் ஸூயஸ் வழியாகத்தான் போயிற்று, திரும்பிற்று.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பல நாட்கள் அட்டையையே ஆராய்ந்துகொண்டிருந்தேன். தோலை நனைத்து, சூடேற்றிய உலோக அச்சை அழுத்தினால் உருவம் புடைத்து நிற்கும். பிறகு சாயத்தைக் கையால் தீட்டுவார்கள். அரசனின் மார்பணியில் நீலம் கோட்டை மீறி வழிந்திருந்தது. மீறிய அந்த இடத்தில் ஒரு மனிதனின் அவசரம் இருந்தது. அன்றைக்கு இன்னும் எத்தனை அட்டைகள் அவன் முன்னால் கிடந்தனவோ. இந்தப் பொருளைச் செய்தவனோடு எனக்கு ஏற்பட்ட ஸ்தூலமான உறவு அந்த நீலக்கறை ஒன்றுதான்.

பிறகு எழுத்துகளிடம் வந்தேன். ஆலன் கார்டினர் 1927இல் வெளியிட்ட எகிப்திய இலக்கண நூலில் குறிகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஆந்தை 'ம்' ஒலி, அலைக்கோடு 'ந்' ஒலி, திறந்த வாய் 'ர்', கொம்புள்ள பாம்பு 'ஃப்' என்று அதை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். எங்கும் சொல் கூடவில்லை. காரணம் சீக்கிரமே புலப்பட்டது. இந்த எழுத்துமுறையில் மனிதர்களும் பிராணிகளும் வரி தொடங்கும் திசையைப் பார்த்து நிற்பார்கள். பறவை வலப்பக்கம் பார்த்தால் வலமிருந்து படிக்க வேண்டும். இடப்பக்கம் பார்த்தால் இடமிருந்து. என் அட்டையில் ஒரே பத்தியில் ஓர் ஆந்தை வலமும் அடுத்த ஆந்தை இடமும் பார்த்தது. அரசன் பெயரை எழுதும் நீள்வட்டத்துக்குள் மூன்று அலைக்கோடுகளும் ஒரு வாத்தும் இருந்தன. அது எந்த அரசனும் அல்ல. அச்சு வெட்டியவனுக்குப் படிக்கத் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. எழுத்து போன்ற தோற்றம் இருவருக்கும் போதுமாயிருந்தது. (எல்லா அட்டைகளும் இப்படி அல்ல. என்னிடமுள்ள மற்றொன்றில் துத்தன்காமனின் பெயர் பிழையில்லாமல் இருக்கிறது, கல்லறைப் பொருள் எதிலிருந்தோ பார்த்து வெட்டியிருக்க வேண்டும்.)

பி.ஏ. வகுப்பில் ஷெல்லியின் எகிப்தியச் சானெட்டை நாமெல்லோரும் படித்திருக்கிறோம். அது 1818 ஜனவரியில் அச்சாயிற்று. ஷாம்போலியன் இந்த எழுத்தின் பூட்டைத் திறந்ததாக அறிவித்தது 1822இல். ஷெல்லி எகிப்துக்குப் போனவரல்ல, அந்த எழுத்தைப் படித்தவருமல்ல. ஆனாலும் அவர் கவிதையில் சிலையின் பீடத்து வாசகம் பேசுகிறது. அது பேசுவதால்தான் கவிதை நிற்கிறது. என் ஆல்பத்து எழுத்துகள் ஷாம்போலியனுக்குப் பிறகு, அகராதிகளுக்குப் பிறகு பிறந்தவை. பேசக்கூடிய காலத்தில் பிறந்தும் அவை ஊமைகள்.

இந்த ஊமைத்தனம் அப்போது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாறாக, சந்தோஷமாக இருந்தது. அர்த்தத்தின் சுமை இல்லாத தூய உருவம் என்று ஒரு நண்பருக்குக் கடிதமே எழுதினேன். அந்த நாட்களில் நம் கூட்டங்களில் நான் பேசியதும் அதைத்தான். உள்ளடக்கம் என்று ஒன்றைத் தனியாகக் கேட்பவன் கலைக்கு வெளியே நிற்பவன் என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கு ஒரு தோல் அட்டை சாட்சியாகக் கிடைத்ததில் எனக்குத் திருப்தி.

ஒரு மழைநாள் இரவில்தான் உள்தாள்களைப் புரட்டினேன். கறுப்புத் தாளில் படங்களைப் பிடித்திருந்த முக்கோணக் காகித மூலைகள் அப்படியே இருந்தன. எண்ணிப் பார்த்ததில் அறுபத்தொரு படங்களுக்கான மூலைகள். படம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கரிய சதுரமாக நின்றது. சதுரங்களுக்குக் கீழே வெள்ளை மையில், மெல்லிய பேனாவால் எழுதிய குறிப்புகள். எல்லாம் பிரெஞ்சில். கப்பலின் மேல்தளம். ஸூயஸ். கெய்ரோ, ஆகஸ்ட் 1938. ஸ்பிங்க்ஸ். போர்ட் ஸயீத். ஸூயஸில் கப்பலைவிட்டு இறங்கி, தரைவழியாகக் கெய்ரோவைப் பார்த்துவிட்டு, கால்வாயைக் கடந்து வரும் கப்பலைப் போர்ட் ஸயீத்தில் பிடித்துக்கொள்வது அந்தக் காலத்துப் பயணிகளின் வழக்கம். இவர்களும் அப்படிச் செய்திருக்கிறார்கள். பதினோராம் தாளில், அந்த ஆல்பம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில், தமிழில் ஒரு வரி: அண்ணன், ஒட்டகத்தின்மேல் பயந்தபோது.

மேலே நான்கு மூலைகள். நடுவில் கறுப்பு.

அடுத்த ஞாயிறு போனேன். விற்பவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "அதெல்லாம் அன்னைக்கே போயிடுச்சு சார். ஒருத்தர் கப்பல் படமா மட்டும் பொறுக்கி எடுத்தாரு. மிச்சம் பத்து ரூபா, பத்து ரூபான்னு போச்சு. நீங்கதானே வேணாம்னீங்க?" குற்றம் சாட்டும் தொனியில் அல்ல, நடந்ததைச் சொன்னார்.

அந்தப் படத்தில் என்ன இருந்திருக்கும் என்பதில் ஒரு பாதி எனக்குத் தெரியும். பழைய ஸ்பிங்க்ஸ் படங்களை மணலின் உயரத்தைக் கொண்டு காலம் கணிக்கலாம். 1849இல் மாக்ஸிம் து காம்ப் படமெடுத்தபோது அது தலையும் தோளுமாகத்தான் மணலுக்கு மேலே தெரிந்தது. அவ்வப்போது தோண்டுவதும் மணல் மீண்டும் மூடுவதுமாக இருந்து, 1925 முதல் 1936வரை எமில் பாரேஸ் தலைமையில் நடந்த வேலையில்தான் முன்னங்கால்கள், அடிப்பாறை எல்லாம் முழுக்க வெளிவந்தன. பிறகு யுத்தம் வந்தது. குண்டு விழுந்தால் தலை சரியாமலிருக்க மோவாய்க்கு அடியில் மணல் மூட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். ஆகவே 1938 ஆகஸ்டில் அந்த அண்ணனின் பின்னால் ஸ்பிங்க்ஸ் தெரிந்திருந்தால், அது கால்களை நீட்டிக்கொண்டு, மோவாய்க்கு மூட்டை இல்லாமல் இருந்திருக்கும். கல்லைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது. ஒட்டகத்தின்மேல் இருந்தவனின் முகம் எப்படியிருந்தது என்று சொல்ல முடியாது.

அட்டைக்கும் உள்தாளுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. அட்டையில் உள்ள எகிப்துக்குக் காலம் கிடையாது. அங்கே மணல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. உள்ளே ஒட்டிய மங்கலான படங்களில்தான் காலம் இருக்கிறது. 1902இல் கட்டி முடித்த அஸ்வான் அணை பிற்பாடு இருமுறை உயர்த்தப்பட்டது. ஃபிலே தீவுக் கோயில் வருஷத்தில் பெரும்பகுதி நீருக்குள் நின்றது. தூண்களுக்கிடையே படகு விட்ட பயணிகளின் படங்கள் எத்தனையோ ஆல்பங்களில் உண்டு. இன்று அந்தக் கோயில் அந்தத் தீவிலேயே இல்லை. 1970களில் கல் கல்லாகப் பெயர்த்து, பக்கத்துத் தீவில் நிறுத்தி, 1980இல் திறந்தார்கள். வெள்ளக் காலத்தில் கீஸா வயல்களில் நீர் தேங்கி அதில் பிரமிடுகள் தலைகீழாகத் தெரியும் படங்களும் உண்டு. 1970இல் உயர் அணை முடிந்தபின் அந்த வெள்ளம் வருவதேயில்லை. இதையெல்லாம் வைத்திருந்தவை விலைபோகாத குடும்பப் படங்கள். கோணல், மங்கல், ஓரத்தில் காமிராக்காரரின் நிழல்.

சேகரிப்போர் உலகம் இந்த ஆல்பங்களை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கலாம். முதல் காரியம் பிரிப்பது. பயணிகள் தாங்கள் எடுத்த படங்களோடு, ஸ்டூடியோக்கள் விற்ற காட்சிப் படங்களையும் வாங்கி ஒட்டுவார்கள். லக்ஸரில் ஸ்டூடியோ வைத்திருந்த அந்தோனியோ பேயாத்தோ, ஸங்காக்கி சகோதரர்கள், பெய்ரூத்திலிருந்து வந்த போன்ஃபீஸ் ஆகியோரின் கையொப்பம் இருந்தால் அந்தப் படம் தனியே போகும். ராணுவ உடுப்பு தெரியும் படம் ராணுவச் சாமான் சேகரிப்பவரிடம் போகும். கப்பல் படம் கப்பல்காரரிடம். அட்டை என்னைப் போன்றவனிடம். பெயர் தெரியாத ஒரு தாய், பெயர் தெரியாத ஒரு குழந்தை, பெயர் தெரியாத ஓர் அண்ணன் — இவர்கள் பத்து ரூபாய் டின்னுக்குள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அக்கறையோடுதான் எடுத்துப் போகிறோம். அத்தனை அக்கறைகளும் சேர்ந்து ஆல்பத்தை அழித்துவிடுகின்றன.

'யாரென்று தெரியாதவர்களின் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இது வெறும் ஏக்கம்' என்று சிலர் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஏக்கத்தின் பெயரால் நான் பேசவில்லை. ஒரு ஆல்பத்தில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பது ஒருவர் தீர்மானித்தது. எதைப் பெரிதாக வைப்பது, யாரை இரண்டு முறை ஒட்டுவது, எந்த வரியைப் பிரெஞ்சைவிட்டுத் தமிழில் எழுதுவது — இவையெல்லாம் தீர்மானங்கள். பறவைகள் ஒரே திசை பார்த்து நின்றால்தான் வரி படிக்க வரும் என்றேன். படங்களின் வரிசையும் அப்படிப்பட்ட ஒரு திசைதான். அட்டையில் கேட்காத பேச்சுக்காகக் கார்டினரைப் புரட்டிக்கொண்டிருந்த நான், உள்ளே இருந்த உண்மையான வாக்கியத்தைக் கலைக்க எழுநூறு ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

யாரென்று தெரியாதவர் என்பதும் நிரந்தரமான நிலை அல்ல. 1915 ஜனவரி 10ஆம் தேதி ஆஸ்திரேலியப் படையின் பதினோராவது பட்டாலியனைச் சேர்ந்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் பெரிய பிரமிடின் கற்களில் ஏறி நின்று ஒரே படமாக எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 25இல் அந்தப் பட்டாலியன் கல்லிப்போலியில் இறங்கியது. நூறு வருஷத்திற்குப் பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவில் வம்சாவளி ஆராய்வோர் அந்த முகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் தேட உட்கார்ந்தார்கள். முகம் இருந்தால்தானே பெயர் தேட முடியும்?

எங்கள் வங்கியில் பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம், 2014 முதல், ரிஸர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. போனாலும் உரிமை சாவதில்லை. வாரிசு என்று ஒருவர் தகுந்த காகிதங்களோடு வந்து நின்றால் கொடுக்க வேண்டும். கேட்க ஆள் இல்லாத ஐம்பது ரூபாய்க்குக்கூட நாங்கள் வருஷக்கணக்கில் பேரேட்டில் ஒரு வரி வைத்திருக்கிறோம். அந்த வரிகளை நானே சரிபார்த்திருக்கிறேன். அதே கையால்தான் அந்த எழுநூறு ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன்.

எகிப்துக்காரர்கள் இந்த அட்டையை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. 1919இல் அங்கே பிரிட்டிஷாருக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி. 1922 பிப்ரவரியில் பெயரளவில் சுதந்திரம். அதே நவம்பரில் கல்லறை. அடுத்த ஜனவரியில் அந்தக் கல்லறைச் செய்திகளின் தனியுரிமை லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு விற்கப்பட்டது; தன் நாட்டில் தோண்டியெடுத்ததைப் பற்றி எகிப்தியப் பத்திரிகையாளன் இரண்டாம் கையாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பழைய எகிப்து உலகத்துக்கெல்லாம் வேண்டியதாகவும், அதே மண்ணில் நடமாடும் எகிப்தியன் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துப் படத்தின் ஓரத்தில் நிற்பவனாகவும் ஆன காலம் அது. எந்த ஆல்பத்திலும் அவன் பெயரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. என் ஆல்பத்தின் பதினோராம் தாளிலும் அண்ணனுக்குத்தான் வரி இருக்கிறது. கயிற்றைப் பிடித்தவனுக்கு இல்லை.

ஆனால் உருவத்தைக் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. சிற்பி மஹ்மூத் முக்தார் அதே ஸ்பிங்க்ஸைத்தான் எடுத்தார். 1928இல் கெய்ரோவில் நிறுவிய 'எகிப்தின் விழிப்பு' என்ற கருங்கல் சிற்பத்தில் ஸ்பிங்க்ஸ் முன்னங்கால்களை ஊன்றி எழுகிறது. பக்கத்தில் ஒரு குடியானவப் பெண் முகத்திரையை விலக்குகிறாள். பயணிக்கு விற்ற உருவம் இங்கே இன்னொரு காரியம் செய்கிறது, ஏனென்றால் பக்கத்தில் நிற்பது உயிருள்ள ஒரு பெண்.

நகீப் மஹ்ஃபூஸின் பாதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அவருடைய முதல் மூன்று நாவல்கள் 1939, 1943, 1944 ஆகிய வருஷங்களில் வந்தவை. மூன்றும் பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்டவை. அந்த வரிசையில் இன்னும் பல எழுதத் திட்டம் வைத்திருந்தவர் அதைக் கைவிட்டார். அடுத்து வந்தவற்றில் ஒன்று கான் எல்-கலீலி. 1947இல் வந்தது மிதக் சந்து. இரண்டும் யுத்தகாலக் கெய்ரோவின் சந்துகளைப் பற்றியவை. சிப்பாய்கள் ஆல்பம் வாங்கித் திரும்பிய கடைத்தெரு அது. அவர்கள் வாங்கிப்போனது அட்டையை. அதற்குப் பின்னால் இருந்த சந்துக்குள் மஹ்ஃபூஸ் நுழைந்தார்: வாடகை, கல்யாணம், பிரிட்டிஷ் முகாமில் கிடைக்கும் கூலி. பழைய எகிப்து அவருக்குப் பிடிக்காமல் போனதால் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. பிற்பாடு அதற்கு அவர் திரும்பவும் வந்தார். தன் பிரக்ஞையை அன்று உறுத்தியது எங்கே இருக்கிறது என்று தெரிந்து அங்கே போனார்.

இனி என் தவறின் இரண்டாம் பகுதி. ஆல்பம் வாங்குவதற்கு முந்தைய வருஷம் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஏழு படிமங்களைத் தேர்ந்து காட்டிப் பாராட்டினேன். மீதியை 'அந்தரங்கத் தகவல்கள், கவிதையின் தளத்துக்கு உயராதவை' என்று ஒரு வாக்கியத்தில் ஒதுக்கினேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு தபாலட்டை மட்டும் போட்டார். நான் புகழ்ந்த படிமங்களில் நான்கு, அவருடைய தங்கை இறந்த வருஷத்துக் கவிதைகளிலிருந்து எடுத்தவை. நான் ஒதுக்கிய தகவல்களில் அவள் பெயர் இருந்தது என்று எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை. அந்தக் கார்டுக்கு நான் பதில் போடவில்லை. உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

பதினோராம் தாளைப் பார்த்த இரவு அந்தக் கார்டைத் தேடி எடுத்தேன். நகத்தால் நெம்பிப் படங்களை டின்னில் போட்டவரின் கைத்திறமையை நான் ரசித்ததற்குக் காரணம் இருக்கிறது. அது என் கைத்திறமையும்தான். அவர் படத்தை எறிந்து அட்டையை என்னிடம் கொடுத்தார். நான் பெயரை எறிந்து படிமத்தை வாசகரிடம் கொடுத்தேன். ஒரு கவிதையிலிருந்து படிமத்தைப் பெயர்த்தெடுக்கும்போது தாள் கிழிவதில்லை. ஆகவே சேதம் எதுவும் நேரவில்லை என்று விமர்சகனுக்குத் தோன்றும்.

உருவம் முக்கியமல்ல என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வெற்று விவரங்களைக் கவிதை என்று சொல்வோருக்கு நான் இதனால் ஆதரவு தந்துவிடவில்லை. நல்ல அட்டை நல்ல அட்டைதான். அந்த நீலக்கறையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அட்டை ஒன்றைப் பிடித்து வைத்திருக்கச் செய்யப்பட்டது. எதைப் பிடித்திருந்தது என்று கேளாமல் அதை மதிப்பிட்டவன், கூடையில் காசு இறக்கிய பயணியைவிட எந்த விதத்திலும் நுட்பமானவன் அல்ல. அவனாவது அதற்குள் தன் அண்ணனை வைத்தான்.

அதற்குப் பிறகு மூன்று ஆல்பங்கள் வாங்கியிருக்கிறேன், மூன்றும் படங்களோடு. முதலில் செய்வது, ஒவ்வொரு தாளுக்கும் எண் கொடுத்து, எந்த இடத்தில் எந்தப் படம், கீழே என்ன எழுத்து என்று தனி நோட்டில் பதிவு செய்வது. வங்கியில் பழகிய வேலை. அதன்பிறகுதான் அட்டையைப் பார்ப்பது. அந்தத் தபாலட்டைக்கும் பதில் எழுதினேன், தாமதத்துக்குக் காரணம் எதுவும் சொல்லாமல். மதிப்புரையின் அந்த வாக்கியத்தை அச்சில் திரும்பப் பெற முடியாது. இந்தக் கட்டுரையை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

முதல் ஆல்பம் இப்போது உதிர ஆரம்பித்திருக்கிறது. பழைய தோல் அமிலமேறிச் செம்பொடியாகும். எடுக்கும்போதெல்லாம் விரலில் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் தடவினால் இன்னும் கெடும் என்பதால் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த ஒருவர், இவ்வளவு நல்ல ஆல்பத்தைக் காலியாக வைப்பானேன், உங்கள் வீட்டுப் படங்களை ஒட்டலாமே, மூலைகள்கூடத் தயாராக இருக்கின்றன என்றார். யோசனையில் தப்பில்லை. என் பையனின் படங்கள் அந்த அளவுக்குச் சரியாகவும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினோராம் தாளில் அந்த நான்கு மூலைகளும் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுக்கப்பட்டவை.